முரளிதரன் சாரின் ஸ்பீச்லெஸ்

நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. இருமல் மருந்தோ, டானிக்கோ, கண்ணுக்கு விடும் சொட்டு மருந்தோ, எந்த பாட்டிலின் வாய்க்கும் அங்கே மூடி கிடைக்கும். அதன் நிர்வாக மேலாளர் முரளிதரனின் வாய்க்குத்தான் அங்கே மூடி இல்லை.

முரளிதரனின் அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கென்று மைசூருக்கு வந்தவர். பையன் வீட்டில் தமிழ் பேசினான், பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தான், ஆங்கிலத்தை வேலைக்குப் போன இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிக்கொண்டான். மூன்று மொழியிலும் பேசத் தொடங்கத் தெரிந்தது. நிறுத்த ஒரு மொழியிலும் தெரியவில்லை.

அந்தக் குறைதான் அவரை உயர்த்தியது. அவர் வருகை நேரம் குறிக்கும் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் தொழிலாளர்கள் ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். பெரிய அதிகாரிகள் வெளியே தலைகாட்டப் பயந்து முரளிதரனை அனுப்பிவைத்தார்கள். அவர் வெயிலில் நின்று பேச ஆரம்பித்தார். மத்தியானம் தாண்டியும் பேசினார். சாயங்காலத்துக்குள் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போய் மிஷினைப் போட்டுவிட்டார்கள். மிஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது என்பதுதான் காரணம் என்று அவர்களில் ஒருவர் பின்னால் சொன்னதுண்டு. முதலாளி காரணம் எதுவும் கேட்கவில்லை. குமாஸ்தா அதிகாரியானார்.

அதன்பிறகு தொழிற்சாலையில் எந்த விழா நடந்தாலும் மைக் அவருடையது. ஆயுத பூஜை, கர்நாடக மாநிலம் பிறந்த நாளான ராஜ்யோத்சவம், பாதுகாப்பு வாரம், யாராவது ஓய்வு பெறும் நாள் என்று எதுவாக இருந்தாலும் அவர் கபினி ஆற்றிலிருந்துதான் தொடங்குவார். கபினி வயநாட்டு மலையில் பிறந்து, அணையைத் தாண்டி, நஞ்சன்கூட்டுக் கோயில் படித்துறைக்கு வந்து சேருவதற்குள் முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணயர்ந்துவிடுவார்கள். ஓய்வு பெறுகிறவர் மேடையிலேயே ஓய்வைத் தொடங்கியிருப்பார். கேன்டீன் நடத்திய ஜடையன் என்ற கொள்ளேகால்காரர் ஆரம்பத்தில், சார் "இறுதியாக" என்று சொன்னதும் போண்டாவை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். சாருடைய உரையில் இறுதி பல தடவை வரும் என்பது பல நாள் போண்டா ஆறிப்போன பிறகே அவருக்குப் புரிந்தது.

யாரும் குறை சொன்னதில்லை. லீவு விண்ணப்பம் எல்லாம் முரளிதரன் மேஜைக்குத்தான் போயாக வேண்டும்.

பெரிய முதலாளி ஒதுங்கிக்கொண்டு, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் கிரண் பொறுப்பேற்ற வருஷத்தில்தான் அந்த வார்த்தை தொழிற்சாலைக்குள் வந்தது. புதிய முதலாளிக்கு வரவேற்பு விழா. முரளிதரன் கபினியையும் முதலாளியின் பாட்டனாரையும் முடித்துவிட்டு, கிரணின் தலையில் மைசூர்த் தலைப்பாகையை வைத்து, கழுத்தில் சந்தன மாலையைப் போட்டார். தலைப்பாகை அளவு பெரிது, புருவம் வரை இறங்கிவிட்டது. கிரண் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக் முன்னால் வந்து, ஆங்கிலத்தில், "ஐ ஆம் ஸ்பீச்லெஸ்" என்றார். பிறகு நாலு வரி பேசினார். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

கேன்டீன் கூரை அதிரக் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை முரளிதரன் தன் இத்தனை வருஷ மேடை வாழ்க்கையில் வாங்கியதில்லை. அது அவரை உறுத்தியது. சாயங்காலம் மைசூர் பாசஞ்சரில் உற்பத்தி மேலாளர் பசவராஜிடம், கிரண் சார் முதலில் சொன்ன வார்த்தை என்ன என்று கேட்டார். பசவராஜ் வார்த்தையைச் சொன்னார். அர்த்தம் கேட்கப்படவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அசோகபுரம் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் முரளிதரன் வழக்கமான ஹோட்டலில் காபிக்கு நின்றார். பக்கத்தில் நின்றவர் "ஒந்து ஷுகர்லெஸ்" என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை கம்மியாகப் போட்டு ஒரு காபி வந்தது. அடுத்தவர் "வித்தவுட்" என்றார். அவருக்குச் சர்க்கரையே போடாத காபி வந்தது. முரளிதரன் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார். ஷுகர்லெஸ் என்றால் சர்க்கரை கம்மி. அப்படியானால் ஸ்பீச்லெஸ் என்றால் பேச்சு கம்மி. படித்த பையன், தான் சுருக்கமாகத்தான் பேசப்போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறான். அந்த அறிவிப்புக்குத்தான் அத்தனை கைதட்டல்.

மைசூரில் காபி குடித்து வளர்ந்த எவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். அகராதி பார்க்கலாமே என்று கேட்கலாம். தெரிந்துவிட்ட வார்த்தைக்கு யார் அகராதி பார்க்கிறார்கள்?

அடுத்து வந்தது ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ஒருவரின் பிரிவு உபசார விழா. முரளிதரன் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "டுடே ஐ வில் பி ஸ்பீச்லெஸ்" என்று கம்பீரமாகச் சொன்னார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கணக்குப் பிரிவில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பசவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். நடக்க முடியாத ஒன்று நடக்கப்போகிறது என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தபோது, கபினி வயநாட்டில் புறப்பட்டது.

கிரண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். வாயடைத்துப்போனேன் என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசுவது பெரிய நகைச்சுவை என்று அவர் நினைத்தார். இந்த மனிதர் முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் எப்படிக் கிண்டல் செய்கிறார் என்று வியந்து, தோளில் தட்டிக்கொடுத்தார். முதலாளியின் கை தோளில் பட்டபிறகு அந்த வார்த்தையை அசைக்க முடியுமா?

இரண்டு வருஷத்துக்குள் அது தொழிற்சாலையின் சொந்த வார்த்தையாகிவிட்டது. "இன்னிக்கு ஸ்பீச்லெஸ் எத்தனை மணிக்கு?" என்று ஜடையன் கேட்பார், எண்ணெய்ச் சட்டியை எப்போது ஏற்றுவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். "ஸ்பீச்லெஸ் முடிஞ்சுதான் பஸ்" என்று பெண்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்வார்கள். ராஜ்யோத்சவ அழைப்பிதழில் கொடியேற்றம், வரவேற்புப் பாட்டு, அதற்கடுத்து ஸ்பீச்லெஸ், எதிரே முரளிதரன் பெயர் என்று அச்சடித்தே கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் முதுகலை படித்துவிட்டு வந்த ஒரு ட்ரெய்னிகூட, வேலை நிரந்தரமாகும் வரை அந்த வார்த்தையை முரளிதரன் அர்த்தத்திலேயே பயன்படுத்தினான்.

குட்டு வெளிப்பட்டது மகளுடைய நிச்சயதார்த்தத்தன்று. மகள் தாரணி மைசூரிலேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். மாப்பிள்ளை மதன் அவளோடு வேலை பார்ப்பவன், குடும்பம் கொள்ளேகாலில் பட்டு வியாபாரம். குவெம்பு நகரில் ஒரு சின்ன மண்டபம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக் பிடித்து, சம்பந்தி வீட்டு உபசாரத்தைப் பார்த்துத் தான் ஸ்பீச்லெஸ் ஆகிவிட்டதாகச் சொல்லி, தன் வியாபாரத்தின் வளர்ச்சியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். முரளிதரனுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. முறையான ஆள் என்று தோன்றியது. உடனே எழுந்து, பெண்ணின் தகப்பன் என்ற முறையில் தானும் ஒரு ஸ்பீச்லெஸ் தருவதாக அறிவித்தார்.

மதனின் நண்பர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. தாரணியின் காது சிவந்தது. முரளிதரன், சபை கலகலப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

சாயங்காலம் வீட்டில் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் தாரணி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த வார்த்தையை இனிமே சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை கண்ணு?"

"ஸ்பீச்லெஸ். அதுக்குச் சின்னப் பேச்சுன்னு அர்த்தம் இல்ல. பேச்சே வராம வாயடைச்சு நிக்கறதுக்குத்தான் அது."

முரளிதரன் சிரித்தார். பேச்சே இல்லையென்றால் வித்தவுட் ஸ்பீச் என்றல்லவா சொல்ல வேண்டும் என்று காபியை உதாரணம் காட்டி விளக்கினார். தாரணி போனில் அகராதியைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கு பேசுகிற தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா கிரண் சார் அன்னிக்கு அதைச் சொல்லிப்போட்டு நாலு வரி பேசினாரே? இன்னிக்கு மாப்பிள்ளையோட மாமா கால் மணி நேரம் பேசினாரே? வாயடைச்சுப் போனவன் எதுக்கு மைக்கைக் கேக்கறான்?"

"அது சும்மா சொல்றதுப்பா. மரியாதைக்கு."

"பேச்சு வரலைன்னு பேசித்தான் சொல்லணுமா?"

தாரணி, "பிடுப்பா" என்று, விட்டுத்தள்ளச் சொல்லிக் கன்னடத்தில் சலித்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, அவர் அதைத் தப்பாகச் சொல்வது தனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்றும், சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

நியாயம் தன் பக்கம் இருப்பதாக முரளிதரன் அன்று இரவு முழுவதும் நம்பினார். அந்த வார்த்தையைச் சொன்ன ஒருவரையும் அவர் பேசாமல் பார்த்ததில்லை. அனுபவம் ஒன்று சொல்லி அகராதி வேறொன்று சொன்னால் எதை நம்புவது? மனைவி சொர்ணலதாவிடம் கேட்டார். அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "எனக்கு இங்கிலீஸ் தெரியாதுங்க. நீங்க எது பேசினாலும் நீளமாத்தான் இருக்கும். அதுக்கு என்ன பேர் வெச்சா என்ன?" என்றாள்.

ஆனால் அடுத்த நாள் ரயிலில் உட்கார்ந்ததும் இரண்டு வருஷத்து மேடைகளும் வரிசையாக அவர் நினைவுக்கு வந்தன. நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள், கண்ணாடியைத் துடைத்தவர், அச்சடித்த அழைப்பிதழ். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று பசவராஜிடம் கேட்டேவிட்டார். கடகோளா ஸ்டேஷன் தாண்டும் வரை பசவராஜ் ரயில் தாமதத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். கடைசியில், உங்கள் கையெழுத்து இல்லாமல் எனக்கு லீவு கிடைக்காதே சார் என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து முரளிதரனுக்கு ஆங்கிலத்தின் மேல் சந்தேகம் பிறந்தது. தெரிந்த வார்த்தைகளையெல்லாம் போனில் தட்டிப் பார்த்தார். பலவற்றுக்கு அவர் நினைத்திருந்த அர்த்தமே இருந்தது, அதுவே அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. மேடையில் ஆங்கிலத்தைக் கைவிட்டுக் கன்னடத்திலும் தமிழிலும் மட்டும் பேசினார். கேட்டவர்களுக்கு நீளத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இப்படியிருக்கும்போது கிரண் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூடிகளில் கீறல், ஓட்டை, பிசிறு இருக்கிறதா என்று பார்க்கும் கேமரா மிஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து வரப்போகிறது. இதுவரை அந்த வேலையைக் கண்ணால் பார்த்துச் செய்துவந்தவர்கள் பரிசோதனைப் பிரிவுப் பெண்கள். ஹனூர், கொள்ளேகால், நஞ்சன்கூடு சுற்றுவட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள், எல்லோரும் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். இனி அவர்கள் தேவையில்லை. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கிரணுக்கு வேலை போய்விட்டது என்ற சொற்கள் பிடிக்கவில்லை. அவர்கள் புதிய வாய்ப்புகளுக்காக விடுவிக்கப்படுகிறார்கள் என்று சொல்லச் சொன்னார். குடும்பம் என்ற சொல்லை அடிக்கடி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நோட்டீஸ் ஒட்டினால் கூட்டம் கூடும், கூச்சல் வரும், ஒப்பந்தக்காரர் சொன்னால் சண்டையாகும். முரளிதரன் பேசினால் யாருக்கும் கோபம் வராது, தூக்கம்தான் வரும் என்று மனம்விட்டுச் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று முரளிதரனுக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

பேச்சைத் தயார் செய்வதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் மனசுக்குள் பேசிப் பார்த்தார். கபினி திசை மாறி ஓடினாலும் காவிரியில் சேராமல் போவதில்லை என்று தொடங்கி, விடுவிக்கப்படுகிறீர்கள் என்ற இடத்துக்கு யாருக்கும் தெரியாமல் வந்து சேரும்படி ஒரு பாதை போட்டுவைத்தார். நல்ல பாதைதான். அதில் நடக்கப்போகிறவர்களின் முகம் எதுவும் ஒத்திகையில் வரவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் முரளிதரன் சார் பேசுகிறார் என்று சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அந்தத் தொழிற்சாலையில் முரளிதரன் சார் பேசுகிறார் என்றால் விழா என்று அர்த்தம். அந்த வருஷம் அவர்கள் பார்த்து அனுப்பிய மூடிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதனால் தங்களுக்குத்தான் ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்று பெண்கள் முடிவு செய்துகொண்டார்கள்.

முரளிதரன் கேன்டீனுக்குள் நுழைந்தபோது அத்தனை பேரும் யூனிபார்ம் கோட்டைக் கழற்றிவிட்டு நல்ல புடவையில் இருந்தார்கள். தலை நிறைய மல்லிகை. மேடைக்குப் பின்னால் யாரோ கலர் பேப்பர் ஒட்டியிருந்தார்கள். ஜடையன் தானாகவே போண்டாவோடு கேசரிபாத்தும் போட்டிருந்தார். முரளிதரன் மைக் பக்கம் போவதற்குள் மல்லம்மா எழுந்து வந்தாள். பரிசோதனைப் பிரிவில் மூத்தவள், ஹனூர்க்காரி. அவள் கையில் ஒரு மைசூர்த் தலைப்பாகை இருந்தது. இத்தனை வருஷமாக எல்லோருக்கும் போட்டுவிடுகிறீர்களே, உங்களுக்கு யாரும் போட்டதில்லையே என்று பெண்கள் சேர்ந்து வாங்கியதாகச் சொல்லி, அவர் தலையில் வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"கபினியில இருந்தே ஆரம்பிங்க சார். இன்னிக்கு பஸ் லேட்டாத்தான் வருதாமா."

எல்லோரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. முரளிதரன் மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

கபினி என்ற சொல் இருந்த இடத்தில் இல்லை. அதற்கடுத்து வரவேண்டிய சொல்லும் இல்லை. விடுவிக்கப்படுகிறீர்கள் என்பது மட்டும் தூரத்தில் கடைப் பலகை மாதிரித் தெரிந்தது. அதை வாய் வரை கொண்டுவர அவரால் முடியவில்லை. தொண்டையைச் செருமினார். செருமல் மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. மைக்கில் கோளாறு என்று நினைத்து ஜடையன் வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மைக் நன்றாகத்தான் இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி வாயைத் திறந்தார்.

முரளிதரன் சார் பேசாமல் நிற்பதை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை. முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சு நின்றது.  மல்லம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீறல் விழுந்த மூடியைக் குவியலில் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு.

"வேலை இல்லைன்னு சொல்ல வந்தீங்களா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. தலைப்பாகையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கண்ணில் நீர் வந்ததாகப் பின்னால் சிலர் சொன்னார்கள். வேர்வைதான் என்று முரளிதரன் சொல்வார்.

யாரும் அழவில்லை, சத்தம் போடவில்லை. பஸ் வரும் வரை பெண்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். கேசரிபாத்தை ஜடையன் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். முரளிதரன் கடைசியாக மைக்கை அணைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

கிரண் இதையெல்லாம் தன் அறையில் கண்காணிப்புக் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேமராவில் படம் மட்டும்தான் வரும், சத்தம் வராது. முரளிதரன் மைக்கைப் பிடித்து நிற்கிறார், பெண்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள், தலைப்பாகையைக் கழற்றி உருக்கமாக வணங்குகிறார், எல்லோரும் அமைதியாகக் கலைகிறார்கள். இந்த மனிதரைவிட்டால் வேறு ஆள் இல்லை என்று மெச்சிக்கொண்டு, அற்புதமான உரை என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் வழக்கம்போல வந்தது. பெண்கள் வழக்கம்போல இறங்கினார்கள். வாட்ச்மேன் அவர்களை நிறுத்தி, உங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லையா என்று கேட்டான். மல்லம்மா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையே. சார் ஒரு வார்த்தை பேசலையே."

அது உண்மை. அதுதான் சிக்கல். வாட்ச்மேன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டான், சூப்பர்வைசர் பசவராஜைக் கூப்பிட்டார், பசவராஜ் கிரணைக் கூப்பிட்டார். கிரண் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அரை மணி நேரம் பேசினாரே என்றார். அவர் பேசவில்லை என்று கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் சாட்சி சொன்னார்கள். விஷயம் தொழிலாளர் துறை வரை போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி, யார் மூலமாக எப்போது அறிவிக்கப்பட்டது என்று கேட்டார். முரளிதரன் மூலமாக அறிவிக்கப்படவில்லை என்றார்கள். அந்த அதிகாரி ஒருமுறை ராஜ்யோத்சவ விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்து மாட்டிக்கொண்டவர். முரளிதரன் பேசவில்லையா, எந்த முரளிதரன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பகுதியை மட்டும் அவரால் கடைசி வரை நம்ப முடியவில்லை.

ஆனாலும் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுத வழியில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, பேச்சுவார்த்தை நடத்தி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் எதுவும் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அது பல மாதம் இழுத்தது. அதற்குள் மிஷின் வந்து சேர்ந்தது. அது மூடியின் கீறலை மின்னல் வேகத்தில் பார்த்தது, ஆனால் கவிழ்ந்து கிடக்கும் மூடியை நிமிர்த்த அதற்குத் தெரியவில்லை. நிமிர்த்திக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. பெண்களில் பாதிப் பேர் அந்த வேலையில் தங்கினார்கள். மீதிப் பேர் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். போனவர்களில் மல்லம்மாவும் ஒருத்தி. கவிழ்ந்த மூடியை நிமிர்த்துவதற்கா இத்தனை நாள் கண்ணைப் பழக்கினேன் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கிரண் முதலில் கொதித்தார். பிறகு பெங்களூரில் நடந்த நிர்வாகிகள் மாநாடு ஒன்றில், கடினமான செய்தியைச் சொல்லும்போது தலைவன் மௌனமாக நிற்க வேண்டும் என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் உரையாற்றினார். அந்த மௌனத்தைத் தானே திட்டமிட்டதாகச் சொன்னாராம். திரும்பி வந்ததும் முரளிதரனை மைசூர் நகர அலுவலகத்துக்கு ஆலோசகராக மாற்றினார். அங்கே ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல். ஆலோசனை கேட்க யாரும் வருவதில்லை.

தொழிலாளர்கள் மத்தியில் அவர் வீரராகிவிட்டார். முதலாளி எழுதிக் கொடுத்ததை வாசிக்க மறுத்து, பெண்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றார் என்று கதை பரவியது. முரளிதரன் அதைத் திருத்தப் பார்த்தார். அது வீரமும் இல்லை, திட்டமும் இல்லை, தனக்கு உண்மையிலேயே பேச்சு வரவில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கினார். விளக்கம் நீளமாக இருந்ததால் யாரும் கடைசி வரை கேட்கவில்லை. கேட்டவர்களும், எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் ஒருநாள் சொர்ணலதா, அன்று உண்மையில் என்னதான் ஆயிற்று என்று கேட்டாள்.

"தெரியல. வெக்கமா இருந்துச்சு. புடவையெல்லாம் கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க." என்றார். அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். இப்போது குவெம்பு நகர் குடியிருப்போர் சங்கத்தில் அவர்தான் செயலாளர். குப்பை வண்டி எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்ற விவாதத்தைக் கபினியிலிருந்து தொடங்குகிறார். சாமராஜபுரம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

போன மாதம் மல்லம்மா அவருக்குப் போன் செய்தாள். ஹனூரில் வீட்டோடு ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறாள். கம்பெனி பிஎஃப் பணத்தை எடுக்கப் போனால் ஆதாரில் ஒரு பெயரும் கணக்கில் ஒரு பெயருமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டாள். முரளிதரன் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வருங்கால வைப்பு நிதி என்ற ஏற்பாடு நாட்டில் எப்படித் தோன்றியது என்பதிலிருந்து ஆரம்பித்தார். மல்லம்மா போனை அரிசி மூட்டையின் மேல் சாய்த்துவைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, வந்த ஆட்களுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தாள். நடுநடுவே, "ஆமாங் சார், சொல்லுங் சார்" என்று குரல் கொடுத்துக்கொண்டாள்.